விரல் வைத்தால் பேராசிரியர்

2023 மே மாதம் டெல்லியில் ஒரு கண்டுபிடிப்பு நடந்தது. ராயபுரம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, மருத்துவக் கல்லூரியாக இருக்கத் தகுதியில்லாதது. கண்டுபிடித்தவர்கள் தேசிய மருத்துவ ஆணையத்தார். என்ன காரணம்? ஆபரேஷன் தியேட்டர் கூரை இடிந்ததா? பேராசிரியர்களுக்குப் பாடம் மறந்துபோனதா? நோயாளிகள் வருவதை நிறுத்திவிட்டார்களா? இல்லை. சிசிடிவி கேமரா சரியில்லை. ஆதாரோடு இணைத்த விரல்ரேகை மெஷினில் வருகைப்பதிவு சரியில்லை. போச்சு அங்கீகாரம். திருச்சி, தருமபுரி அரசுக் கல்லூரிகளுக்கும் அதே மரியாதை.

கேமரா, மெஷின் விவகாரத்தைச் சரிசெய்வதாகச் சொன்னார்கள். சில நாட்களில் அங்கீகாரம் திரும்பி வந்தது. வருஷத்துக்கு 250 பேரை டாக்டராக்கும் கல்லூரியின் மானம் ஒரு பிளக் பாயின்ட்டில் இருந்தது. நல்லவேளை, அன்றைக்குக் கரன்ட் கட் இல்லை.

மணலிப் பக்கத்துச் சடையங்குப்பத்தில் உட்கார்ந்து இந்தச் செய்தியைப் படித்தவனுக்குச் சிரிப்பு வராது. எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் அதுதான். பழைய ஆட்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்தின் வழியில் வந்த இடம். 1938இல் கல்லூரியானது. மாரடைப்பா, பாம்புக்கடியா, மோட்டார் சைக்கிளை டிரெய்லர் இடித்ததா, வண்டி நேரே அங்கேதான் போகும். எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள் வழிவிட்டால் போய்ச் சேரும்.

மெஷின் கேட்ட அந்த விரலைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

வடசென்னையில் விரல் மலிவு. பவர் பிரஸ்ஸில் போகும். லேத்தில் போகும். துறைமுகத்தில் வின்ச் கயிற்றில் மாட்டும். கன்டெய்னர் கதவில் நசுங்கும். மீன்பிடி விசைப்படகின் இன்ஜின் பெல்ட்டில் இழுபடும். இப்படி வந்த கைகளுக்கென்றே 1970களின் தொடக்கத்தில் ஸ்டான்லியில் ஒரு தனிப் பிரிவு பிறந்தது. தொடங்கியவர் ஆர். வெங்கடசாமி என்ற அறுவை மருத்துவர். அவசரப் பிரிவில் தலைக்காயத்துக்கும் வயிற்றுக்கும் அப்புறம்தான் கை. கடைசியில், ஆக இளையவர் யாரோ அவர் தலையில் அது விழும். நசுங்கியதை வெட்டித் தைத்துவிட்டால் வேலை முடிந்தது. வெட்டுப்பட்டவனுக்கு மட்டும் வேலை போனது. கடைசியில் கிடந்த அந்தக் கையை வெங்கடசாமி தம் முதல் வேலையாக எடுத்துக்கொண்டார். பிரிவு வளர்ந்து கைக்கான ஆராய்ச்சி, மறுவாழ்வு நிலையமாயிற்று. மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக்குழாயைத் தைத்து, துண்டான விரலை ஒட்டுகிற வேலை. மற்ற மாநிலங்களிலிருந்து வந்து கற்றுப்போனார்கள். அறுபட்ட விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பையை ஐஸ் மேல் வைத்துக்கொண்டு ஓட வேண்டும் என்பது இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் பல பேருக்குத் தெரியும். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றும் தெரியும்.

ஆராய்ச்சி ஆர்வம் என்றால் இது. படிவத்தில் கட்டம் போட்டுக் கேட்டு வாங்கியதில்லை. வாசலில் ரத்தம் சொட்ட வந்து நின்றதைப் பார்த்து வந்த ஆர்வம். வேலூரில் பால் பிராண்ட் என்ற மருத்துவர் 1940களின் கடைசியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைப் பார்த்தார். தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மூடிக்கிடந்த கையைத் திறக்க வழி கண்டார். அவருக்கும் தலைப்பை டெல்லி கொடுக்கவில்லை. நோயாளி கொடுத்தார்.

துண்டான விரலை ஒட்டும் அந்த ஸ்டான்லியைப் பார்த்துத்தான் ஆணையம் கேட்டது: உங்கள் விரல் எங்கே?

ஆணையத்துக்கு விரல் மேல் இவ்வளவு பக்தி வரக் காரணம் இருக்கிறது. இந்திய மருத்துவக் கல்லூரிகளில் ஒரு தனிவகை ஆசிரியர் குலம் உண்டு. சம்பளப் பட்டியலில் இருப்பார்கள். வார்டில் இருக்க மாட்டார்கள். பேய்ப் பேராசிரியர்கள். இவர்களின் பின்னணி மிகவும் பரந்தது. கிளினிக் ஓர் ஊரில். வீடு ஓர் ஊரில். பேராசிரியர் பதவி மட்டும் வேறோர் ஊரில், கண்ணாடிச் சட்டத்துக்குள். 2022-23இல் ஆணையமே 246 கல்லூரிகளைச் சோதித்துப் பார்த்தது. பெரும்பாலானவற்றில் ஒன்று பேய் ஆசிரியர்கள், இல்லையென்றால் பாதி வருகைகூட இல்லை. இதை எதிர்க்கட்சி சொல்லவில்லை. அங்கீகாரம் கொடுத்த கையே எழுதிய தீர்ப்பு.

பேயை ஓட்ட விரல்ரேகை மந்திரம் வந்தது. உடனே கல்லூரி முதலாளிகளும் ஆராய்ச்சியில் குதித்தார்கள். அன்றுவரை ஒரு மருந்தையும் ஆராயாதவர்கள் ஒரே வீச்சில் உடற்கூறியலுக்கு வந்துவிட்டார்கள். 2025 ஜூன் கடைசியில் சிபிஐ ஒரு வழக்குப் பதிந்தது. சுகாதார அமைச்சகத்திலிருந்து ரகசியக் கோப்புகள் தனியார் கல்லூரிகளுக்குப் போயின என்பது குற்றச்சாட்டு. எந்தத் தேதியில் இன்ஸ்பெக்‌ஷன், வருகிறவர் யார் என்பதெல்லாம் முன்கூட்டியே. அன்றைக்கு மட்டும் வாடகைக்குப் பேராசிரியர். படுக்கையில் வாடகைக்கு நோயாளி. செயற்கையாக விரல் செய்து மெஷினில் வைத்தார்கள் என்பதும் அந்தக் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ராயபுரத்தில் அரசு டாக்டர் விடிய விடிய நின்று மெய்யான விரலை ஒட்டுகிறார். இன்னோர் இடத்தில் பொய்யான விரலைச் செய்து ஒரு பேராசிரியரையே உற்பத்தி செய்கிறார்கள். முன்னவருக்கு நோட்டீஸ். பின்னவருக்குக் கோடியைத் தொடும் சீட்டுகள்.

2010இல் இந்திய மருத்துவக் கவுன்சிலின் தலைவரை லஞ்சப் புகாரில் சிபிஐ கைது செய்தது. கவுன்சிலைக் கலைத்தார்கள். பத்து வருஷம் யோசித்து, 2020 செப்டம்பரில் ஆணையத்தைக் கொண்டுவந்தார்கள். ஐந்தே வருஷத்தில் சிபிஐ மறுபடி கதவைத் தட்டியது. கவுன்சில் செத்தது, ஆணையம் பிறந்தது, ஜாதகம் மட்டும் மாறவில்லை.

அந்தத் தட்டலுக்கு முன்பே ஆணையத்தார் விரலை விட்டு முகத்துக்கு வந்திருந்தார்கள். 2025 மே 1 முதல் பேராசிரியர் கல்லூரி வளாகத்துக்குள் நின்று ஃபோனில் முகத்தைக் காட்ட வேண்டும். அதே மாதத்தில் தமிழ்நாட்டின் 36 அரசு மருத்துவக் கல்லூரிகளில் 34க்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. ஆசிரியர் போதவில்லை, வருகை போதவில்லை. முப்பத்தாறில் முப்பத்து நான்கு! நாட்டிலேயே சிறந்த மருத்துவக் கட்டமைப்பு என்று மேடைதோறும் மார்தட்டுகிற மாநிலம் இது. தட்டிய மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் உள்ளே காலிப்பணியிடம் என்று கேட்கிறது.

அரசு இதற்கு வைத்தியம் வைத்திருக்கிறது. அயற்பணி. இன்ஸ்பெக்‌ஷன் வரும் கல்லூரிக்கு வேறு கல்லூரியிலிருந்து டாக்டர்கள் பஸ் ஏறுவார்கள். அங்கே எண்ணிக்கை நிரம்பும். இங்கே ஓபி வரிசை தெருவுக்கு வரும். 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். கட்டடத்துக்கு கான்ட்ராக்டர் இருந்தார். சென்ட்ரிங் போட்டார், கான்கிரீட் ஊற்றினார். அனாடமி பேராசிரியரை எந்த கான்ட்ராக்டர் ஊற்றிக் கொடுப்பார்?

மருத்துவம் மட்டும் கெட்டுவிட்டது என்று டாக்டர்கள் தலைகுனிய வேண்டாம். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் பொறியியல் கல்லூரிகளின் பட்டியலைப் பிரித்துப் போட்டது. 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பத்துக் கல்லூரிக்கு மேல் வேலை பார்த்த அவதாரப் புருஷர்களும் உண்டு. முழுநேரம் என்பதற்கு அவர்கள் கணக்கில் ஒரு நாளைக்கு 240 மணிநேரம்.

சரி, இருக்கிறவர்கள் என்ன ஆராய்கிறார்கள்?

கல்லூரிக் கையேட்டைப் புரட்டுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே படிப்பு, அனுபவம், ஆராய்ச்சித் துறை, கட்டுரைகளின் எண்ணிக்கை. எண்ணிக்கைதான் முக்கியம். பதவி உயர வேண்டுமானால் ஆணையத்துக்குக் கட்டுரை காட்ட வேண்டும். இணைப் பேராசிரியராக இரண்டு. ஆசிரியர் பட்டியலில் முதல் மூன்று பெயருக்குள் உங்கள் பெயர் இருக்க வேண்டும், இல்லையேல் கடிதத் தொடர்புக்குரியவர் நீங்களாக இருக்க வேண்டும். நான்காவது பெயராக நின்று நோயையே ஒழித்திருந்தாலும் செல்லாது.

டெல்லி கங்காராம் மருத்துவமனையின் சமிரன் நந்தியும் கூட்டாளிகளும் 2016இல் ஒரு கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். 579 இந்திய மருத்துவ நிறுவனங்கள். 2005 முதல் 2014 வரை பத்து வருஷம். அதில் 332 நிறுவனங்கள் ஒரே ஒரு ஆய்வுக்கட்டுரைகூட எழுதவில்லை. ஒன்றுகூட. பத்து வருஷத்தில் பாதிக்கு மேல் கல்லூரிகளுக்கு எழுதுவதற்கு ஒன்றும் தோன்றவில்லை. நோயே இல்லாத நாடு போலும்.

எழுது, எழுது என்று விரட்டினார்கள். எழுதினார்கள். காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் இதழ்கள் மளமளவென்று முளைத்தன. அந்த வியாபாரத்தில் உலகப் புகழ் பெற்றவர்களில் ஹைதராபாத்காரர்களும் உண்டு. ஓமிக்ஸ் என்ற பதிப்பகத்துக்கு 2019இல் அமெரிக்க நீதிமன்றம் விதித்த தொகை 5 கோடி டாலருக்கு மேல். சரிபார்க்காத கட்டுரைகளைச் சரிபார்த்ததாகச் சொல்லி விற்றதற்கு. பதவி உயர்வுக்கு விதி எழுதியவர் டெல்லியில். கட்டுரைக்குக் கட்டணம் வாங்கியவர் இதழ் ஆபீஸில். நடுவில் மாட்டிக்கொண்ட உதவிப் பேராசிரியர் முந்நூறு பேரிடம் ரத்தம் எடுத்து, வைட்டமின் டி குறைவு என்று உலகுக்கு அறிவிப்பார். வெயிலில் லாரி சங்கிலி கட்டுகிறவனுக்கா குறைவு, ஏசியில் கணக்கெழுதுகிறவனுக்கா என்று யாரும் கேட்க மாட்டார்கள். விதியில் அந்தக் கேள்வி இல்லை.

ஸ்டான்லியில் படித்த திருவேங்கடம் என்றொரு டாக்டர் வியாசர்பாடியில் இருந்தார். 1973இல் இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். பிறகு ஐந்து ரூபாய். 2020 ஆகஸ்டில் இறந்தார். வண்ணாரப்பேட்டையில் ஜெயச்சந்திரன். அவரும் அப்படித்தான், 2018 டிசம்பரில் போனார். அவர் இறுதி ஊர்வலத்துக்குத் திரண்டது வண்ணாரப்பேட்டை. எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எந்த மாதம் மூச்சு வாங்கும் என்று இந்த இருவருக்கும் தெரிந்திருக்கும். ஆணையத்தின் படிவத்தில் இவர்களை உதவிப் பேராசிரியராகக்கூட நிரப்ப முடியாது. கட்டுரை இல்லை.

ஆராய விஷயம் இல்லையென்றால், ஐயா, சடையங்குப்பத்துக்கு வாருங்கள்.

சென்னை மாநகராட்சி மணலி மண்டலம். ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு. பர்மாவிலிருந்து துரத்தப்பட்டவர்களின் பெயரில் ஒரு நகர். இருளர் காலனி. மழைக்காலத்தில் பூண்டியில் ஷட்டர் தூக்கினால் எங்களுக்குத் தெருவில் படகு. 2015, 2021, 2023 என்று நாங்களும் வருஷக்கணக்கு வைத்திருக்கிறோம். மாநகராட்சி எங்களைச் சேர்த்துக்கொண்டதில் கிடைத்த லாபம், முன்பு கிராமத்து வெள்ளம், இப்போது மெட்ரோபாலிட்டன் வெள்ளம்.

சுற்றிலும் ரிஃபைனரி, உர ஆலை, பெட்ரோகெமிக்கல் ஆலைகள், அப்பால் அனல்மின் நிலையங்கள், சாம்பல் குளம். ரிஃபைனரியும் உர ஆலையும் 1960களில் வந்தவை. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓட ஆரம்பித்து 2017இல் மூச்சை நிறுத்தியது. அதற்கு ஓய்வு கிடைத்தது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பேட்டைகளுக்கு மாசு மதிப்பெண் போட்டது. நூற்றுக்கு மணலி எடுத்தது 76.32. டிஸ்டிங்ஷன். எங்கள் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் எடுக்காததை எங்கள் காற்று எடுத்துவிட்டது.

2017 ஜனவரி 28. துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரையொதுங்கிய எண்ணெயை வாளியில் அள்ளினார்கள். செயற்கைக்கோள் விடுகிற தேசம் வாளியைக் கொடுத்தது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மணலி ரிஃபைனரிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வந்து பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை, எண்ணூர்க் கழிமுகம் எங்கும் படிந்தது. மறுபடி கைகள், மறுபடி வாளிகள். மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம். இருளர் பெண்கள் அந்தக் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். தார் ஊறிய அந்தக் கைகளைத் தோல் மருத்துவர் ஒருவர் ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தால் கட்டுரை இரண்டு இல்லை, இருபது வரும். முதல் மூன்று பெயருக்குள் அவர் பெயரே வரும்.

அதே 2023 டிசம்பரின் 26ஆம் தேதி நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கிளம்பியது. குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். கண் எரிச்சல், மூச்சுத் திணறல், மயக்கம். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள், அனுப்பினார்கள். டாக்டர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். சுற்றுச்சூழல் இழப்பீடாக 5.92 கோடி என்று கணக்குப் போடப்பட்டது. காற்றுக்கு விலை வந்துவிட்டது. நுரையீரலுக்கு வரவில்லை.

2024 அக்டோபர் 25. திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளி. வகுப்பில் ஏதோ நெடி. மாணவிகள் மயங்கி விழுந்தார்கள். பேரிடர் மீட்புப் படை வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடமாடும் வண்டியோடு வந்தது. கருவிகளை வைத்தார்கள். எதுவும் சிக்கவில்லை. பள்ளிக்கு லீவு விட்டு நவம்பர் 4இல் திறந்தார்கள். அன்றைக்கே மறுபடி விழுந்தார்கள். பேராசிரியர் மெஷினில் இருப்பார், வார்டில் இருக்க மாட்டார். வாயு வகுப்பில் இருக்கும், மெஷினில் இருக்காது. நாட்டின் மெஷின்கள் எல்லாம் யார் பக்கம் என்று இன்னுமா தெரியவில்லை?

பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவப் பேராசிரியர் 1700இல் தொழில்நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வைத்தியர் கேட்கும் கேள்விகளோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்: உனக்கு என்ன வேலை? முந்நூறு வருஷமாயிற்று. எங்கள் ஊர் ஆளுக்கு ஓபியில் கிடைப்பது இரண்டு நிமிஷம். "மூச்சு இழுக்குது டாக்டர்." "பீடி குடிப்பியா?" "நிறுத்தி ரொம்ப நாளாச்சு சார்." சீட்டு எழுதியாயிற்று. அடுத்த ஆள். என்ன வேலை, எங்கே வீடு, எந்த ஆலையின் காற்றடிக்கும் திசை என்று கேட்க அந்த டாக்டருக்கு ஆசை இருக்கலாம். அவருக்குப் பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். அவருக்கு மேலே ஆணையம் முகத்தைக் காட்டச் சொல்கிறது. சம்பள உயர்வுக்கு 2009இல் போட்ட அரசாணை 354ஐ ஒழுங்காக அமல்படுத்தச் சொல்லி 2019இல் அவர்கள் தெருவில் உட்கார்ந்ததையும் பார்த்தோம். அவரைத் திட்டி என்ன ஆகப் போகிறது?

டாக்டரோடு நிற்கும் நர்சுகளின் கதையையும் பேசிவிடுவோம். 2015இல் தேர்வு எழுதி, மதிப்பெண் வாங்கி, எம்ஆர்பி என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக வந்தவர்களுக்குத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்பது வாக்குறுதி. 2017இல் டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனாவில் தேவதை என்று பூத்தூவினார்கள். தேவதைக்கு நிரந்தரப் பணியிடம் எதற்கு, இறக்கை இருக்கிறதே.

டாக்டர் வாய் திறக்காததற்கு இன்னொரு காரணம் உண்டு. அதைத்தான் யாரும் சொல்ல மாட்டார்கள். அனல்மின் நிலையம் மாநில அரசுடையது. ரிஃபைனரி மத்திய அரசு நிறுவனம். மாசை அளக்கும் வாரியம் அரசுடையது. மூச்சுத் திணறி வருகிறவனைப் பார்க்கும் டாக்டர் அரசு ஊழியர். அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973. அனுமதியில்லாமல் பத்திரிகையிடம் பேசக் கூடாது. அரசை விமர்சிக்கக் கூடாது. ஆக, புகை விடுபவரும் அரசு, புகை இல்லை என்பவரும் அரசு, புகைக்கு இன்ஹேலர் கொடுப்பவரும் அரசு. புகையை இழுப்பது ஒன்றுதான் தனியார்மயம்.

எங்களைப் போல ஒரு குடா ஜப்பானில் இருந்தது. மினமாட்டா. மீன்பிடி கிராமங்கள், கரையில் சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை. 1956இல் கை கால் நடுங்கி, பேச்சுக் குழறி, பார்வை மங்கி ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். பூனைகள் பித்துப்பிடித்துச் செத்தன. பக்கத்தில் இருந்தது குமமோட்டோ பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி. அதன் ஆசிரியர்கள் கிராமத்துக்குள் போனார்கள். வீடு வீடாகப் பார்த்தார்கள், மீனைச் சோதித்தார்கள், இறந்தவர்களின் மூளையைப் பார்த்தார்கள். 1959 ஜூலையில் சொன்னார்கள்: கரிமப் பாதரசம். ஆலையின் சொந்த மருத்துவமனையிலும் ஒருவர் இருந்தார், ஹொசோகாவா. ஆலைக் கழிவைச் சோற்றில் கலந்து பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400ஆம் எண் பூனை அதே நோயில் விழுந்தது. நிர்வாகம் சோதனையை நிறுத்தச் சொன்னது. அரசு என்ன செய்தது? நோயை விசாரித்துக்கொண்டிருந்த குழுவைக் கலைத்தது. ஆலைதான் காரணம் என்று ஒப்புக்கொள்ள 1968 செப்டம்பர் ஆயிற்று. அரசுகள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் அந்த ஊருக்கு ஒரு மருத்துவப் பள்ளி இருந்தது. அதன் பேராசிரியர்கள் அந்தக் கிராமத்தைத் தங்கள் ஆராய்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் நமக்கு அந்த நோயின் பெயர் தெரியும்.

நம் நாட்டில் போபால் நடந்தது. 1984. அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆய்வுகளைத் தொடங்கியது. 1994இல் நிறுத்திக்கொண்டது. விஷம் நிறுத்திக்கொள்ளவில்லை. போபாலில் இதற்கென ஒரு தேசிய ஆய்வு நிறுவனம் வைக்க 2010 ஆயிற்று. இருபத்தாறு வருஷம். மணலிக்கு வரிசை எண் என்ன என்று தெரிந்தால் டோக்கன் வாங்கிக்கொண்டு போவோம்.

பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். ஆள் இல்லை என்றும் சொல்லாதீர்கள். ஆணையத்தின் புதிய பாடத்திட்டத்திலேயே குடும்பத் தத்தெடுப்பு என்றொரு திட்டம் இருக்கிறது. எம்பிபிஎஸ் மாணவர் ஒவ்வொருவரும் ஐந்து குடும்பங்கள் வரை எடுத்துக்கொண்டு படிப்புக்காலத்தில் அவர்கள் உடல்நிலையைப் பின்தொடர வேண்டும். ஸ்டான்லியில் ஒரு வருஷ மாணவர் 250 பேர். குடும்பங்கள் ஆயிரத்துக்கு மேல். ஒரு பேட்ச் போதும். எண்ணூர், மணலி, திருவொற்றியூர், சடையங்குப்பம். மூச்சு அளக்கும் ஸ்பைரோமீட்டரைத் தூக்கிக்கொண்டு வரட்டும். பிள்ளைகள் ஊதுவார்கள், பெரியவர்கள் ஊதுவார்கள், இருமிக்கொண்டே ஊதுவோம். கூடவே ராமஸ்ஸினியின் கேள்வியைக் கேட்கட்டும். எங்கே வீடு, எந்தப் பக்கத்துக் காற்று என்று இன்னும் இரண்டு கேட்கட்டும். அடுத்த வருஷம் அதே வீட்டுக்கு அதே கருவியோடு வரட்டும். முகப்பதிவு வேண்டுமானால் எங்கள் தெருவில் நின்று பதியட்டும். சிக்னல் கிடைக்கும், ஆலைகளுக்காக டவர் நிறைய வைத்திருக்கிறார்கள்.

டீன் அவர்களுக்கும் சுகாதாரத் துறைச் செயலாளருக்கும் சடையங்குப்பத்துக்காரர்களின் விண்ணப்பம் இவ்வளவுதான். ஒரு பேட்சை இந்தப் பக்கம் அனுப்புங்கள். வந்த முடிவை இதழுக்கு அனுப்புவதற்கு முன்னால் தமிழில் அச்சடித்து எங்கள் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். கட்டுரையில் முதல் மூன்று பெயர் யாருடையதாக இருந்தாலும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.